சலாமுக்கு முன்னால் விட்ட வரி

அக்கா,

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்திருக்கிறார்கள். சமையலறை அலமாரியைக் காலி செய்தபோது பழைய கணக்கு நோட்டுகள் கட்டோடு கீழே விழுந்தன. என் மகள் ஒன்றை எடுத்துப் புரட்டினாள். பால், மண்ணெண்ணெய், ஸ்கூல் வேன் என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்த பக்கங்களுக்கு நடுவே ஒரு பக்கத்தில் அவள் விரல் நின்றது.

"இது என்னம்மா கணக்கு? இங்கிலீஷ் எழுத்துக்கு நடுவுல மூணும் அஞ்சும் வருது. கூட்டினதாவும் தெரியல, கழிச்சதாவும் தெரியல."

"கணக்கு இல்லம்மா அது. இப்படிக் குடு."

வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் கணக்கு நோட்டை யாரிடமும் மறைத்ததில்லை என்று அவளுக்குத் தெரியும்.

அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு எண்ணெய்க் கறை இருக்கிறது. உங்கள் கட்டைவிரல். ஹாஸ்டலுக்கு வடை போட்டுவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்து, கையைக்கூடக் கழுவாமல், "எழுதும்மா, மறந்துடுவேன்" என்று நோட்டை என் பக்கம் தள்ளினீர்களே, அந்த நாளின் கறை. பெயிண்ட் வாசனை வீடு முழுக்க நிறைந்திருந்தும் பக்கத்தை முகத்தருகே கொண்டுபோனால் உளுந்து வடை வாசனை வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இத்தனை வருடம் கழித்து வராது என்பதும் தெரியும்.

நீங்கள் கண்ணை மூடி ஒன்றரை வருடம் ஆகிறது. உங்களிடம் நேரில் சொல்லாத ஒன்றை எழுதத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஈஜிபுராவில் அந்த ஆறு வீட்டுக் காம்பவுண்டுக்கு நீங்கள் குடிவந்தபோது குழாயடியில் எல்லோரும் உங்களைப் பற்றித்தான் பேசினார்கள். குவைத்தில் எட்டு வருடம் வீட்டு வேலை பார்த்தவர், கிருஷ்ணகிரிப் பக்கம், புருஷன் எங்கேயோ போனவர் போனவர்தான், ஒரே பெண். முதல் நாளே குடத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "ஷ்லோனிச்?" என்றீர்கள். நான் விழித்தேன்.

"என்னா பாயம்மா, தினமும் அஞ்சு வேளை அரபியில தொழுவுற, எப்படி இருக்கேன்னு கேட்டா தெரியலையா?"

குழாயடி முழுக்கச் சிரித்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஏழு வயதில் ஓதப் பழகியவள் நான். எழுத்து ஒவ்வொன்றும் தொண்டையில் எந்த இடத்திலிருந்து வர வேண்டும் என்பதுவரை தெரியும். அர்த்தம் மட்டும் தெரியாது. அது ஒரு குறை என்று அதுவரை எனக்குத் தோன்றியதுகூட இல்லை.

பிறகு ஒருநாள் நீங்கள் "ஹபீபி" சொன்ன விதம் பிடிக்காமல், "அக்கா, அந்த ஹா அடித்தொண்டையிலிருந்து வரணும்" என்று திருத்தினேன்.

"நீ ஓதற அரபி வேற, நான் பாத்திரம் தேய்ச்ச அரபி வேற. எங்க, உன் அரபியில வெங்காயத்துக்கு என்னா பேரு சொல்லு?"

தெரியவில்லை.

"பஸல். வெங்காயத்துக்குப் பேரு தெரியாம என்னாத்த ஓதற."

கோபம்தான் வந்தது. ஆனால் அன்றிலிருந்துதான் நாம் பழகினோம். வெகுகாலம் கழித்து, மொழிபெயர்ப்பை மடியில் வைத்துக்கொண்டு சொல் சொல்லாக ஓதத் தொடங்கியபோது, நான் நூறு தடவை ஓதிக் கடந்த ஒரு வசனத்திலேயே வெங்காயம் இருந்தது. உடனே எழுந்து உங்கள் வீட்டுக்கு ஓடிவந்து சொல்ல வேண்டும் என்று இருந்தது. அப்போது நாம் சிரித்துப் பேசும் நிலையில் இல்லை.

நீங்கள் வேலை பார்த்த குவைத் வீட்டுப் பெண் நூரா கொடுத்தனுப்பிய சீட்டை நீங்கள் சுருக்குப்பையில் வைத்திருந்தீர்கள். மூன்று வயதில் உங்கள் இடுப்பில் ஏறிய பிள்ளை, உங்களை அனுப்பும்போது பதினோரு வயது. ஒரு கோடு போட்ட தாளில் தன் மெயில் முகவரியை எழுதி, "இதில் எழுது மாமா" என்றாளாம். அம்மாவுக்கு அங்கே மாமா என்று சொல்வார்கள் என்பதையும், பெற்றவளை அவள் அப்படிக் கூப்பிட்டதைவிட உங்களைக் கூப்பிட்டதுதான் அதிகம் என்பதையும் சொல்லிவிட்டு, அந்தச் சீட்டை என்னிடம் நீட்டினீர்கள். உங்களுக்குத் தமிழ் வாசிக்க வரும், அவ்வளவுதான். நான் ஐந்தாவதோடு நின்றவள். ஆனால் பிள்ளைகளின் புத்தகத்தை வைத்து இங்கிலீஷ் எழுத்து கற்றிருந்தேன். ஒரு பத்திரிகையில் வந்த கீபோர்டு படத்தை வெட்டி அரிசி டப்பாவுக்கு மேலே சுவரில் ஒட்டி, சோறு வேகும் நேரத்தில் அதில் விரல் வைத்துப் பழகியிருந்தேன். எதற்கு என்று தெரியாமலே பழகியது.

பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஃபேக்டரியிலிருந்து ஓய்வு வாங்கி வந்த கவுடர் ஒருவர் மூன்று கம்ப்யூட்டர் வைத்துக் கடை நடத்தினார். அங்கேதான் நூராவின் முதல் பதிலைப் பார்த்தோம். திரையில் இங்கிலீஷ் எழுத்து, இடையிடையே எண்கள். கவுடர் எட்டிப் பார்த்து, "ஏனம்மா இது, இங்கிலீஷா, லெக்கவா?" என்றார். லெக்க என்றால் அவர்கள் பாஷையில் கணக்கு. எனக்கும் அதே சந்தேகம்தான்.

அரபு எழுத்து இல்லாத மெஷினில் அரபியை எழுத அந்தப் பிள்ளைகள் கண்டுபிடித்த வழி அது. இங்கிலீஷில் இல்லாத ஒலிகளுக்கு எண் போட்டுவிடுவார்கள். அதை யாரும் நமக்குச் சொல்லவில்லை. நாமாகத்தான் பிரித்தோம். மூன்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திருப்பிப் போட்டால் அது ஐன் என்ற எழுத்து என்று நான் சொன்னேன். ஏழின் தலை ஹா மாதிரி இருந்தது. ஐந்து மட்டும் பிடிபடவில்லை, எந்த எழுத்தின் சாயலும் அதில் இல்லை. நீங்கள்தான் ஸ்டூலில் இருந்து எழுந்தே விட்டீர்கள். "அரபியில அஞ்சுக்கு என்னா? கம்ஸா. அந்தக் 'க'வுக்குத்தான் அஞ்சு போட்டிருக்கா என் கண்ணு."

நான் எழுத்தைக் கூட்டிச் சத்தமாகப் படிப்பேன். எனக்கு ஒன்றும் புரியாது. நீங்கள் கேட்பீர்கள், உங்களுக்குப் புரியும். உங்களால் படிக்க முடியாது. கவுடர் ஒருநாள், "நீங்க ரெண்டு பேரும் சேந்து ஒரு ஆளு" என்றார். நாம் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டோம்.

எனக்கு அது புதிதாகவும் இல்லை. என் அம்மா ஆற்காட்டுப் பக்கத்தவர். தமிழை அரபு எழுத்தில்தான் எழுதுவார். மளிகைச் சீட்டுகூட அப்படித்தான். ஒரு பாஷையின் உடுப்பை இன்னொரு பாஷைக்குப் போடுவது எங்கள் வீட்டு வழக்கம் என்று உங்களிடம் சொன்னேன். "அப்ப உனக்கு நம்பர் சட்டை போட்டாலும் சரிதான்" என்றீர்கள்.

நம் வழக்கம் இப்படி இருந்தது. நீங்கள் வீட்டில் சொல்வீர்கள், நான் கணக்கு நோட்டில் எழுதிக்கொள்வேன். பிறகு கடைக்குப் போய்ப் பார்த்து அடிப்பேன். ஆரம்பத்தில் சலாம். முடிவிலும் சலாம். அம்மாவுக்குச் சலாம், அப்பாவுக்குச் சலாம், அண்ணனுக்குச் சலாம், கிழவிக்குச் சலாம் என்று வீட்டில் ஒருவர் விடாமல். "அண்ணனுக்குத் தனியா எதுக்குக்கா" என்று ஒரு தடவை கேட்டேன். "ஒருத்தர விட்டாலும் மூஞ்சி தூக்குவாங்க, உனக்குத் தெரியாது அந்த ஊட்டப் பத்தி" என்றீர்கள். அடித்து முடித்ததும், "எல்லாம் போட்டுட்டியா?" என்பீர்கள். "போட்டுட்டேன்" என்பேன். எழுந்துவிடுவீர்கள். திருப்பிப் படி என்று கேட்டதே இல்லை.

உங்கள் மகள் வனிதாவை அந்தக் குவைத் வீட்டுக்கே வேலைக்கு அனுப்பலாமா என்று என்னிடம் கேட்டீர்கள். உங்கள் காலில் நீர் கோத்து, திரும்பிப் போக முடியாது என்று ஆன வருடம். நூராவின் அம்மா, உன் பெண்ணையாவது அனுப்பு என்று நூரா மூலமாகவே எழுதியிருந்தாள். அதை உங்களுக்குப் படித்துக் காட்டியதும் நான்தான். வனிதாவுக்கு இருபது முடிந்திருந்தது. கார்மெண்ட்ஸில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். என் மகளுக்குத் தலை பின்னிவிடுவாள்.

"நான் இருந்த வீடு பாயம்மா. என் கையால தொடைச்ச வீடு. எந்தக் கதவு எப்பிடிச் சத்தம் போடும்னு எனக்குத் தெரியும். தெரியாத இடத்துக்கா அனுப்புறேன்?"

நானும் சரி என்றுதான் சொன்னேன். நோன்பு வைக்கிற வீடு, தொழுகிற வீடு, பயமில்லை என்று சொன்னேன். இந்தச் சொற்களைத்தான் சொன்னேன்.

முதல் வருடம் நன்றாகவே போனது. வெள்ளிக்கிழமை போன் வரும். நூரா மெயிலில், வனிதா தோசை செய்தாள், எனக்கு அரபி சொல்லித்தா என்கிறாள் என்று எழுதுவாள். இரண்டாவது வருடம் போன் குறைந்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, நீங்கள் போனைப் பேசிவிட்டுக் காம்பவுண்டுக்குள் வந்த நடையை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள்.

உடனே சொல்லவில்லை. இரண்டு நாள் ஆயிற்று. வடை போட்ட கையோடு வந்து நோட்டைத் தள்ளியது அப்போதுதான்.

"தூக்கமே இல்லம்மான்னு சொல்றா. அந்தப் பையன், நூராவோட அண்ணன், அவன் கல்யாணத்துக்குக் காத்திருக்கிறவன். ராத்திரியில கதவாண்ட வந்து நிக்கிறானாம். வெளியில சொன்னா திருடினேன்னு சொல்லி போலீசுல குடுத்துடுவேன்றானாம். அஞ்சு நிமிசத்துல போன வச்சிட்டா. நூராவுக்கு எழுது. அவ என் இடுப்புல வளந்தவ. அவ அவங்கப்பன் கிட்ட சொல்லுவா."

பிறகு அரபியில் சொன்னீர்கள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. நான் எழுதினேன். வழக்கமான சலாம், எப்படி இருக்கிறாய், பரீட்சை எப்படி. அதன் பிறகு இந்த வரி.

binti mafi noom bel leil. a5uch 3ind el bab. 3eib.

என் மகளுக்கு ராத்திரியில் தூக்கம் இல்லை. உன் அண்ணன் கதவருகில். அசிங்கம். கடைசிச் சொல், ஐப், எனக்குத் தெரிந்த சொல். எங்கள் வீடுகளில் குற்றம் சொல்வதை ஐபு சொல்வது என்போம். அந்த ஒரு சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

அன்று அந்த வரிக்குப் பிறகு நீங்கள் சலாம் சொல்லவில்லை. "போதும். இத்தோட நிறுத்து" என்றீர்கள்.

கடையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். நீங்கள் பக்கத்தில் ஸ்டூலில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. நோட்டைப் பார்த்து அடித்துக்கொண்டே வந்தேன். அந்த வரிக்கு மேலே வந்ததும் விரல் நின்றது.

என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன் அக்கா. நேரில் காணாத ஒன்றை ஒருவர் மேல் எழுதுவது பெரும்பாவம் என்று கேட்டு வளர்ந்தவள் நான். அப்படிப்பட்ட பழிக்கு நாலு சாட்சி வேண்டும். நான் பார்த்தேனா? நீங்கள் பார்த்தீர்களா? தொழுகிற வீட்டுப் பிள்ளை மேல், அதுவும் அவன் தங்கைக்கு, அவளே பதினைந்து வயதுக் குழந்தை, என் விரலால் இதை எழுதுவதா? நாளைக்கு மறுமையில் என் விரல் எனக்கு எதிராகப் பேசாதா? பெண் பயந்துபோய் ஏதோ சொல்லியிருப்பாள், நல்லபடியாக விசாரித்தால் நூராவே பார்த்துக்கொள்வாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்படி எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் நினைத்தேன். இதில் வனிதாவின் முகம் ஒரு தடவைகூட வரவில்லை.

அந்த வரியை விட்டுவிட்டேன். வனிதா நலமா, அவளைப் போன் பேசச் சொல் என்று மட்டும் அடித்தேன். சலாம் இல்லாமல் ஒரு கடிதம் முடிவது மரியாதை இல்லை என்று தோன்றியது. விரல் தானாகப் போனது. அம்மாவுக்குச் சலாம், அப்பாவுக்குச் சலாம், அண்ணனுக்குச் சலாம்.

"எல்லாம் போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்கா."

நீங்கள் எழுந்து, திரையை ஒரு தடவை கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள்.

நாலு நாளில் பதில் வந்தது. நான் படித்தேன். வனிதா நலம், வீட்டில் விருந்தாளிகள், வேலை அதிகம், எனக்குப் பரீட்சை. அம்மா சலாம் சொன்னாள், அப்பா சலாம் சொன்னார், அண்ணனும் சலாம் சொன்னான்.

நீங்கள் நான் முடிப்பதற்காகக் காத்திருந்தீர்கள். முடிந்துவிட்டது என்று தெரிந்ததும், "அவ்வளவுதானா?" என்றீர்கள்.

"அவ்வளவுதான்."

"நான் கேட்டதுக்கு ஒண்ணும் சொல்லலையா? அவன் சலாம் சொன்னான்னு எழுதுறாளே."

காம்பவுண்டு வாசலில் நின்று, "என் கையால ஊட்டினவ பாயம்மா. ரத்தம்னு வந்தா அண்ணன்தான்" என்றீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அடுத்த நாளே கடைக்குப் போய் அந்த வரியை அடித்திருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். நாளைக்கு என் மகளுக்குக் காய்ச்சல். மறுநாள் உங்களுக்கு ஹாஸ்டல் வேலை. இப்படி மூன்று வாரம்.

ஒரு காலை பத்து மணிக்குக் கவுடரே ஆள் அனுப்பினார். உங்கள் பெயர் போட்டு ஒரு மெயில் வந்திருக்கிறது, இந்த முறை வேறு எழுத்து என்று. அரபு எழுத்திலேயே இருந்தது. நூரா எழுதவில்லை, அவள் அப்பா எழுதியிருந்தார். கவுடர் அதைத் தாளில் எடுத்துக் கொடுத்தார்.

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது. இது நான் அறிந்த எழுத்து. ஆனால் ஓதுகிற வேதத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் மேலும் கீழும் குறி இருக்கும், அதைப் பார்த்து உச்சரிப்போம். இதில் குறி ஒன்றும் இல்லை. வெறும் எழுத்து. எந்தச் சொல்லை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தடவித் தடவி, எனக்குத் தெரிந்த ஒரே விதத்தில், ஓதும் ராகத்தில் படித்தேன்.

தப்பாகப் படித்த சொற்களை நீங்கள் திருத்தினீர்கள். "ஸுதுஹ்" என்றேன். "ஸதஹ்" என்றீர்கள். "மொட்ட மாடி. மேல படி." "கஸீல்" என்று படித்தேன். "துணி தொவைக்கிறது." அடுத்த சொல்லில் எனக்குச் சந்தேகமே இல்லை, எழுத்து தெளிவாக இருந்தது. "தாஹத்" என்று நீட்டி, அழகாகச் சொன்னேன்.

நீங்கள் அதற்கு அர்த்தம் சொல்லவில்லை.

நான் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. சொல்லை ஒழுங்காகப் படித்துவிட்டோம் என்ற நினைப்பில் மேலே போனேன். இரண்டு வரி தாண்டி, கடைசியில், ஒருவர் இறந்த செய்தி கேட்டதும் எங்கள் வீடுகளில் சொல்லும் வாசகம் இருந்தது. அதை நான் எழுத்துக் கூட்ட வேண்டியதில்லை. வாய் தானாகச் சொல்லியது. சொல்லி முடித்த பிறகுதான் எதைச் சொன்னேன் என்று எனக்குத் தெரிந்தது.

தாளிலிருந்து தலையைத் தூக்கினேன். நீங்கள் எனக்கு வெகு முன்னாலேயே தெரிந்துகொண்டிருந்தீர்கள்.

"இன்னொரு வாட்டி படி."

"அக்கா..."

"படிம்மா. ராகம் போடாம படி."

படித்தேன். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது தாஹத், விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள். இறைவன் நாட்டம்.

"அந்த ஊட்ல துணிய மேல காயப்போட மாட்டாங்க" என்றீர்கள். அழவில்லை. கவுடரைப் பார்த்துத்தான் சொன்னீர்கள், அவருக்குப் புரிய வேண்டும் என்பதுபோல. "மெஷின்லயே காஞ்சிடும். மாடிக் கதவு சாவி எட்டு வருசம் எங்கிட்டதான் இருந்துச்சு. அந்த மாடிக்கு யாரும் போறதே இல்ல."

கவுடர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அதை யாரும் தொடவில்லை.

வனிதாவின் உடல் பெட்டியில் வர நாற்பது நாளுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் ஒரு அலுவலகத்துக்கு நம்மை யாரோ போகச் சொன்னார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நல்லவர்தான். முழுவதும் கேட்டார். பிறகு, "செத்த பிறகு சொல்றது வேறம்மா. முன்னாடியே எழுத்துல ஏதாவது குடுத்திருக்கீங்களா? லெட்டர், புகார், எதுவா இருந்தாலும் சரி. அந்த வீட்டுக்கே எழுதினதா இருந்தாலும் அத வச்சு மேல கேக்கலாம்" என்றார்.

உங்கள் முகத்தில் அத்தனை நாளில் முதல் தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது.

"எழுதியிருக்கோம் சார். மெயில் போட்டோம். அவன் பேரச் சொல்லல, நூராவோட அண்ணன்னு எழுதியிருக்கோம். எப்ப எழுதினோம்னு தேதி இருக்கும். பாயம்மா, சொல்லு. காட்டலாம் இல்ல?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தீர்கள்.

நாலு சாட்சி இல்லை என்று நான் விட்ட வரி. இருந்திருந்தால் அதுதான் சாட்சி. வனிதாவுக்கு இந்த உலகத்தில் இருந்திருக்கக்கூடிய ஒரே சாட்சி.

"அழிஞ்சு போச்சுக்கா" என்றேன். "பழைய மெயிலெல்லாம் தானா அழிஞ்சிடும்."

அவர் பேனாவை மூடினார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "நீ என்னா பண்ணுவ. மெஷினு அது" என்றீர்கள். எனக்கு ஆறுதல் சொன்னீர்கள் அக்கா. பெண்ணைப் பறிகொடுத்த நீங்கள் எனக்கு.

நூராவிடமிருந்து பிறகு ஒரு மெயில் வந்தது. "அவ பேர எடுக்காத" என்றீர்கள். அதனால் நான் தனியாகப் போய்த் தாளில் எடுத்துவந்தேன். அதற்குள் ஒரு அகராதி வாங்கியிருந்தேன். வாரக்கணக்கில் ஒவ்வொரு சொல்லாகத் தேடினேன். நான் அரபியின் அர்த்தம் படிக்கத் தொடங்கியது அந்த மெயிலிலிருந்துதான், வேதத்திலிருந்து அல்ல. அவள் கேட்டிருந்தது இவ்வளவுதான்: மாமா, அவள் உன்னிடம் ஏதாவது சொன்னாளா? சொன்னாள் என்றால் என்னிடம் ஏன் சொல்லவில்லை?

பதில் எழுதவில்லை. உங்களிடமும் சொல்லவில்லை. முன்பொரு தடவை அவள் அனுப்பியிருந்த சின்ன வயசுப் படத்தை நீங்கள் அடுப்பில் போட்டதை என் கண்ணால் பார்த்தேன். அப்போதும் சும்மா இருந்தேன். நீங்கள் சொன்னது அவளுக்குப் போகவில்லை, அவள் கேட்டது உங்களுக்கு வரவில்லை. இரண்டும் என்னிடம் நின்றுவிட்டன.

கடைசி வருடம் சர்க்கரை உங்கள் காலை எடுத்துவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று தடவை ஆரம்பித்தேன். "அக்கா, அந்த மெயில்ல..." என்றதும் ஒவ்வொரு தடவையும் கையை ஆட்டுவீர்கள். "அத விடு. எனக்குன்னு உக்காந்து எழுதின ஒரே ஆள் நீ" என்றீர்கள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. உங்களுக்காகத்தான் சொல்லவில்லை என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. உங்கள் கண்ணில் நான் நல்லவளாக இருந்தது எனக்கு வேண்டியிருந்தது.

தொழுகைக்குப் பின் கை ஏந்தும்போது முதலில் வனிதாவின் பெயரைச் சொல்கிறேன், பிறகு உங்கள் பெயர். எனக்காக ஒன்றும் கேட்பதில்லை. யாருக்குத் தவறு செய்தோமோ அவரிடம்தான் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எங்களுக்குச் சட்டம். எனக்கு அந்த ஒருவர் நீங்கள்.

கவுடர் கடையை மூடிவிட்டார். என் வீட்டிலேயே இப்போது பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. அக்கம்பக்கத்தில் பெண்ணை, தங்கையை அந்த ஊர்களுக்கு அனுப்பியவர்கள் என்னைத் தேடி வருகிறார்கள். மூன்றும் ஐந்தும் ஏழும் போட்டு எழுதத் தெரிந்தவள் என்று. அவர்கள் எதைச் சொன்னாலும் அடிக்கிறேன். திட்டினால் திட்டு, சாபம் விட்டால் சாபம். போன வாரம் ஆனேக்கல் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, "கடைசியில ஒரு சலாம் சேத்துடுங்களேன், கோவமா முடியுதே" என்றார். "நீங்க சொல்லுங்க, எழுதறேன். நானா சேக்க மாட்டேன்" என்றேன்.

நோட்டுப் பக்கத்தை இன்று கிழிக்கவில்லை. மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அது என்ன என்று சொல்லப் போகிறேன். அதன் பிறகு நூராவுக்கு எழுத வேண்டும். அவள் பழைய முகவரி இன்னும் இருக்கிறதா என்று தெரியாது. அந்த ஒரு வரியை நீங்கள் சொன்னபடியே அடிக்க வேண்டும், அதை விட்டது யார் என்பதையும் சேர்த்து.

இப்போதெல்லாம் அனுப்புவதற்கு முன்னால், திரையில் இருப்பதை விரல் வைத்து, முதல் எழுத்திலிருந்து கடைசிவரை, வந்தவர்களுக்குத் திருப்பிப் படித்துக் காட்டுகிறேன். "பரவால்ல, நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று அவர்கள் எழுந்துவிடப் பார்க்கிறார்கள். விடுவதில்லை, உட்காரவைத்துப் படிக்கிறேன்.

நீங்கள் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம் அக்கா.